பதினொரு அங்குலப் பாலம்

செனட்டர் எல்வுட் மெசிக் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கட்டித் தருவதாகச் சொன்ன பாலம், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கெட்டில் ஓடைக்கு வந்துவிட்டது. நீளம் பதினொரு அங்குலம். ஓடையின் அகலம் நாற்பதடி என்பதால் அது எதையும் கடக்கவில்லை. கரைச் சேற்றில், தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மற்றபடி பாலத்தில் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, நடுவில் மஞ்சள் கோடு, முதல் தூணில் செனட்டரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. சர்ச்சுக்குப் போகிறவர்கள் காரை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார்கள். கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் ஆர்லி டியூக்ஸ் இடுப்பிலிருந்த டேப்பை இழுத்து இரண்டு முறை அளந்தார். "முப்பது வருஷமா இந்தப் பாலத்தச் சொல்லிட்டிருக்கான் எல்வுட். அதுல பதினொரு அங்குலம் நெசமா நெனச்சிருக்கான்னா பெரிய விஷயம்தான்" என்றார். பிறகு எல்லோரும் சர்ச்சுக்குப் போனார்கள். மழை வரும்போல இருந்தது.

எங்கள் டெலவர் மாநிலம் சின்னது; மாவட்டத்துக்கு இங்கே கவுண்டி என்று பெயர். கடல் வற்றினால் மூன்று கவுண்டி, ஏறினால் இரண்டு என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், பேசட்டும். இங்கே செனட்டரை யாரும் செனட்டர் என்று கூப்பிடுவதில்லை. கடை வரிசையில் நமக்கு முன்னால் நின்று முட்டை வாங்குகிற ஆளுக்கு என்ன பட்டம் வேண்டிக்கிடக்கிறது? எல்வுட் ஐந்து முறை ஜெயித்தவர், வயது எழுபத்தொன்று. தீயணைப்பு நிலையக் கூடங்களில் சனிக்கிழமை தோறும் நடக்கும் காலை விருந்து ஒன்றைக்கூட விடமாட்டார். பொரித்த பன்றிக்கறித் துண்டு இரண்டு தின்றுவிட்டு, நம் நாயின் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பார். நாய் செத்துப்போயிருந்தால் அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆறு வருடத்துக்கு ஒரு முறை பாலம், ரயில், மருத்துவமனை என்று சொல்வார். நாங்களும் கை தட்டுவோம். சொன்னது காற்றோடு போய்விடும். அந்த ஆறாவது தேர்தலில்தான் சொன்னதெல்லாம் தரையில் இறங்க ஆரம்பித்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. சொல்கிறவர் மனசில் எவ்வளவு இருந்ததோ அந்த அளவுக்குப் பொருள் மறுநாள் காலை வந்து நிற்கும், அவ்வளவுதான் விதி. ஏப்ரல் பிறப்பதற்குள் உள்ளூர்ப் பத்திரிகை கறிக்கோழி விலை, சோளம் விலை, இவற்றுக்குக் கீழே வாக்குறுதி அளவு என்று ஒரு கட்டம் போடத் தொடங்கிவிட்டது. அளப்பவர் ஆர்லி டியூக்ஸ்.

கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகம் முதலில் கொஞ்சம் தடுமாறியது. பதினொரு அங்குலப் பாலத்துக்கு அனுமதி தேவையா என்று மூன்று கூட்டம் போட்டார்கள். பாலம் என்றால் பாலம்தான், சட்டத்தில் அங்குலம் பேசவில்லை என்று முடிவாயிற்று. ஆகவே எடை வரம்பு இல்லாமல் பாலத்தைத் திறந்துவைத்ததற்கு விளக்கம் கேட்டு எல்வுட்டுக்குக் கடிதம் போயிற்று. பாலத்தின் முன்னால் ஆறடி உயரத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பலகையும் நட்டார்கள். பலகையின் நிழல் விழுந்து, மதியத்துக்குப் பிறகு பாலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் ரசிக்காதவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். டீல் நெக் என்கிற சதுப்பு நில முனையில் பன்னிரண்டு வீடுகள். அதில் கடைசி வீடு ஐடெல்லா வில்கஸுடையது. முனைக்குப் போக ஒரே சாலை. முக்கால் மைல். இரண்டு பக்கமும் நாணல். அந்தச் சாலை அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் வருடத்துக்கு இரண்டு முறை முழுகும். இப்போது அமாவாசைக்கு ஒரு முறை, பௌர்ணமிக்கு ஒரு முறை, வடகிழக்குக் காற்று அடித்தால் அது நினைத்தபோதெல்லாம். ஐடெல்லாவின் புருஷன் நாரிஸ் நாற்பது வருடம் விரிகுடாவில் சிப்பி அள்ளியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை எட்டரைக்கு அவர் டயாலிசிஸுக்கு டவுனில் இருந்தாக வேண்டும். ஐடெல்லாவின் ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று டயாலிசிஸ் நாட்கள். மற்றது கடல் ஏறி இறங்கும் நேரங்கள். இரண்டும் மோதுகிற நாட்களில் அவள் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஒரு நாள் தவறினால் நாரிஸின் கால்கள் வீங்கும். இரண்டு நாள் தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்; அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டீல் நெக் சாலையை நாலடி உயர்த்தித் தருவதாக எல்வுட் மூன்று தேர்தல்களில் சொல்லியிருந்தார். அவரும் ஐடெல்லாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அந்த ஏப்ரலில் தீயணைப்பு நிலைய விருந்தில் அவள் தட்டை வைத்துவிட்டு நேரே அவர் மேசைக்குப் போனாள்.

"எல்வுட், என் ரோடு என்னாச்சு?"

"ஐடெல்லா! நாரிஸ் எப்படி இருக்கான்?"

"நாரிஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கான். நான் கேட்டது ரோட்ட."

"பார்க்கலாம், ஐடெல்லா."

"முப்பது வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கோம். தண்ணிதான் தெரியுது."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்வுட்டும் சிரித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஐடெல்லா எழுந்ததும் சாலைக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் வந்திருக்கவில்லை. 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு ஒரு கூழாங்கல்கூட வராது என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. அது நல்ல செய்திதான் என்று எல்வுட்டின் ஆட்கள் குறித்துக்கொண்டார்கள்.

அவரை எதிர்த்து நின்றவர் லொரைன் பியூசி, கோழிப்பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர், நாற்பத்தாறு வயது. அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. மே மாதம் ஒரு பண்ணை வாசலில், தெற்குக் கவுண்டிக்கு ஒரு மருத்துவமனை கொண்டுவருவேன் என்று அவர் குரல் நடுங்கச் சொன்னார். மறுநாள் வந்தது பாருங்கள், கன்றுக்குட்டிக் கொட்டகை உயரத்துக்கு ஒரு மருத்துவமனை! நாலு பேர் குனிந்து உள்ளே போய் உட்காரலாம். வார்டு வார்டாகத் தடுத்து, ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆர்லி டியூக்ஸின் டேப் நீளம் போதவில்லை. இரண்டு முறை வைத்து அளந்து கூட்ட வேண்டியிருந்தது. ஒரு சாம்பல் நிறப் பூனை உள்ளே புகுந்து பிரசவ வார்டில் ஐந்து குட்டி போட்டது. எல்வுட்டின் முப்பது வருட ஆட்சியில் அந்தக் கவுண்டியில் ஒரு பிரசவம்கூட நடக்கவில்லை என்று லொரைனின் ஆட்கள் நோட்டீஸ் அடித்தார்கள்.

எல்வுட்டுக்குக் கிலி பிடித்துவிட்டது. வாஷிங்டனிலிருந்து கானர் என்கிற இளம் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். ஷூவில் சேறு பட்டாலே முகம் சுளிக்கிறவர். சின்னதாகச் சொன்னால் சின்னதாக வருகிறது, பெரிதாகச் சொல்லுங்கள் சார் என்பது அவர் யோசனை. எல்வுட் கடற்கரை முழுக்கப் பத்து மைல் சுவர் கட்டுவேன் என்றார். மறுநாள் பத்து மைலும் வந்தது, ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. உயரம்தான் கட்டைவிரல் கனம். குளிக்க வந்த சுற்றுலாக்காரர்கள் இருபது பேர் அதில் தடுக்கி விழுந்தார்கள். அதற்கப்புறம் எல்வுட் கண்ணாடி முன் நின்று, சொல்வதை நிஜமாக நினைத்துப் பழகினார். புருவத்தைச் சுருக்கிப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். ரயில் நிலையத்தைச் சொல்லும்போது செத்துப்போன தன் அம்மாவைக்கூட நினைத்துப் பார்த்தார். வந்த ரயில் நிலையம் ரொட்டிப் பெட்டி அளவு. பாலத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதல்; அதிலும் ஒரு அங்குலம் அம்மாவுக்குச் சேர வேண்டியது. அதன் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று நடைமேடையில் உட்கார்ந்து முட்டையிடப் பழகிவிட்டது.

ஆனால் லொரைனுக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. ஜூலையில் மாநிலக் கண்காட்சி முடிந்த வாரம் கருத்துக்கணிப்பில் அவர் இரண்டு புள்ளி முந்தினார். அதே வாரம் அவர் சொன்ன பள்ளிக்கூடம் மருத்துவமனையின் அளவில் பாதிதான் வந்தது. ஆகஸ்டில் நாலு புள்ளி முந்தியபோது அவர் சொன்ன நூலகம் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. செப்டம்பரில் அவருக்கும் ஒரு ஆலோசகர் வந்து சேர்ந்தார். அத்துடன் இரண்டு பேருடைய வாக்குறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தகட்டைப் படிக்காமல் எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. ஆர்லி டியூக்ஸ் பெரிய டேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூட ஸ்கேலைக் கொண்டுவரத் தொடங்கினார். "வந்த புதுசுல எல்லாருந்தான் நல்லா இருக்காங்க. புது வெளக்குமாறு ரெண்டு நாள் நல்லாத்தான் பெருக்கும்" என்றார்.

ஐடெல்லா லொரைனிடமும் கேட்டுப் பார்த்தாள். "ஐடெல்லாம்மா, உங்க ரோடுதான் என் முதல் வேலை" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மறுநாள் டீல் நெக் முனையில் ஒரு சாலை வந்திருந்தது. கரியதாக, வழவழப்பாக, இரண்டு வழிப் பாதையாக, நல்ல சாலை. ஐடெல்லா அதைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நாரிஸ் அதைப் புத்தகத்துக்கு அடையாளக் கயிறாக வைத்துக்கொண்டார். எல்வுட் மட்டும் சாலையைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர் பயம் ஐடெல்லாவுக்குப் புரிந்தது. ஊர் பேர் தெரியாத ஓடைக்குப் பதினொரு அங்குலம் வந்தால் வெட்கமில்லை. கூடப் படித்தவளின் வாசலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று வந்து கிடந்தால், அதை எந்த முகத்தோடு பார்ப்பது?

அக்டோபர் மூன்றாம் வாரம் கானருக்கு ஒரு யோசனை உதித்தது. எதையும் சொன்னால்தானே வம்பு, சொல்லாமல் ஒரு விளம்பரம் எடுத்துவிடலாம். எல்வுட் சதுப்பு நிலத்து வீடு ஒன்றில் உட்கார்ந்து ஏழை எளியவர் சொல்வதைக் கேட்பார். தலையை மட்டும் ஆட்டுவார். டீல் நெக்கில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று கேமராக்காரர் சொல்லிவிட்டார். மதியம் ஒரு மணிக்குப் போனார்கள். இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கானர் திரும்பிப் போகப் பார்த்தார், வண்டி பாதி வழியில் மூச்சை விட்டது. முழங்கால் தண்ணீரில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வற்றுவதற்கு நாலு மணி நேரம் ஆகும் என்றாள் ஐடெல்லா. வேறு வழி இல்லாமல் எல்லோரும் அவள் சமையலறையில் உட்கார்ந்தார்கள். அவள் பீச் பழம் அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை அறுத்து வைத்தாள்.

நாரிஸ் வீங்கிய கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார். தன் வீட்டுக்கு ஒரு செனட்டர் வந்து மாட்டிக்கொண்டது அவருக்குப் பெரிய சந்தோஷம். "அஞ்சு தடவ உனக்கு ஓட்டுப் போட்டேன், எல்வுட். இப்ப பாரு, வாரத்துக்கு மூணு நாள் ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடறாங்க. உனக்கு ஓட்டுப் போட்ட ரத்தம் ஒடம்புல ஒரு சொட்டு பாக்கி இல்ல. புதுசாத்தான் யோசிக்கணும்."

எல்வுட் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த இரண்டு தாள்களையும் படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவருக்கு மசோதாக்களைக்கூட அப்படிப் படித்துப் பழக்கமில்லை.

"இந்தச் செவப்பு வட்டமெல்லாம் என்ன, ஐடெல்லா?"

"அன்னிக்கெல்லாம் தண்ணி ஜெயிக்கும்."

அவர் வட்டங்களை எண்ணினார். வருடம் முடிவதற்குள் ஒன்பது இருந்தன. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், வாயையும் திறந்தார். கானர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், வேண்டாம். ரெண்டு வாரந்தான் இருக்கு" என்றார். எல்வுட்டின் வாய் மூடிக்கொண்டது. ஐடெல்லா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். "சொல்லாட்டிப் போ. இதச் சாப்பிடு" என்றாள். கேமரா ஓடியது. எல்வுட் தலையை ஆட்டினார். மறுநாள் காலை ஐடெல்லாவின் வாசலில் ஒரு கைப்பிடி ஜல்லி கிடந்தது. தலையாட்டலுக்கு அவ்வளவு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை அள்ளி ஜெரேனியச் செடித் தொட்டியில் போட்டாள். விளம்பரம் மிக நன்றாக வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

கடைசி வாரம் தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு பேரும் குடிதண்ணீர் நிலையம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். மறுநாள் லொரைனுடையது ஒன்பது அங்குலம், எல்வுட்டுடையது எட்டரை. பத்திரிகை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டது: அரை அங்குலம். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு எல்வுட் மெசிக் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். புதன்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு டீல் நெக்கில் தண்ணீர் பத்து மணிக்குத்தான் இறங்கியது. நாரிஸுக்கு டயாலிசிஸ் மையத்தில் பாதி நேரம்தான் இடம் கிடைத்தது. "பாதி ரத்தந்தான் சுத்தம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தவறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் வெள்ளிக்கிழமைக்கு எதிரே சிவப்பு வட்டம் இருந்தது. கடல் முழுசாக ஏறி நிற்கும் நேரம், காலை ஏழு நாற்பது.

எங்கள் கவுண்டியில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு மறுநாளைக்கு மறுநாள், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறி ஜார்ஜ்டவுன் சதுக்கத்தைச் சுற்றிவர வேண்டும். நீதிமன்ற மாடியிலிருந்து முடிவைக் கூவிப் படிப்பார்கள். பகை தீர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரு கோடரியைப் பிடித்து, பெட்டியில் கொண்டுவந்த கடல் மணலில் புதைப்பார்கள். முழு மாட்டைச் சுட்டு, ரொட்டிக்குள் வைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். தோற்றவர் வரவில்லை என்றால் அவர் பெயர் அதோடு போயிற்று. எல்வுட் வந்தார். லொரைன் முன்பக்கம் பார்த்தும் அவர் பின்பக்கம் பார்த்தும் உட்கார்ந்திருந்தார்கள். கானர் முந்தின நாளே வாஷிங்டனுக்கு ரயிலேறிவிட்டார். மாமிச ரொட்டி வாங்குகிற இடத்தில் கூட்டம் நெருக்கி, வண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. அங்கே ஐடெல்லா நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த ரொட்டியை அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடு எல்வுட். மொகம் வாடிப் போயிருக்கு."

"நீ எனக்கா போட்ட, ஐடெல்லா?"

"அத எதுக்குக் கேக்கற இப்ப? நாளைக்குக் காலைல ஏழு நாப்பதுக்குத் தண்ணி முழுசா ஏறி நிக்கும். அவனுக்கு எட்டரைக்கு."

அவள் கேட்கக்கூட இல்லை, சொன்னாள், அவ்வளவுதான். எல்வுட் ரொட்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவருக்கு அடுத்து ஜெயிக்க வேண்டியது என்று எதுவும் இல்லை. ஒலிபெருக்கி இல்லை, கேமரா இல்லை, கருத்துக்கணிப்பு இல்லை. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரோடு போட்டுத் தரேன், ஐடெல்லா. நாரிஸ் போயாகணும்." பக்கத்திலேயே இருந்ததால் அது லொரைன் காதில் விழுந்துவிட்டது. ஜெயித்தவர் சும்மா இருக்கலாமா? அவரும் திரும்பி, "நான் அந்த ரோட்டுக்கு லைட் போட்டுத் தரேன் ஐடெல்லாம்மா!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கூட்டம் கை தட்டியது. வண்டி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஐடெல்லா நாரிஸைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிக்கொண்டு சாலை தொடங்கும் இடத்துக்கு வந்தாள். எப்படியாவது தண்ணீரிலேயே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வண்டி நின்றுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனின் தோணி. ஆனால் சாலை இருந்தது. முழு முக்கால் மைலும் இருந்தது. நாலடி உயரத்தில், கல் அடுக்கிய சரிவுகளோடு, புதுத் தார் மணக்க மணக்க இருந்தது. இரண்டு பக்கமும் நாணலின் தலை மறையும் அளவுக்குக் கடல் ஏறி நின்றது. சாலையில் ஒரு சொட்டு இல்லை. ஐடெல்லா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சற்று நேரம் அழுதாள். நாரிஸ் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"ஒரு வழிதான் போட்டிருக்கான்."

ஆமாம், அது ஒரு வழிப் பாதைதான். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். இரண்டு வருடத்தில் கவர்னர் தேர்தல் வருகிறதே என்று அந்த வண்டியில் ஒரு நொடி தனக்குத் தோன்றிவிட்டதாக எல்வுட்டே பிற்பாடு ஒத்துக்கொண்டார். லொரைன் சொன்ன விளக்குகளும் வந்திருந்தன: நாற்பது கம்பங்கள், சாலையின் ஓரமெல்லாம், தீக்குச்சி உயரத்துக்கு. எல்லாம் எரிந்தன. நாரிஸ் எட்டு இருபத்தைந்துக்கு டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் முன்னால் வந்தது அதுவே முதல் முறை என்று நர்ஸ் சொன்னாள்.

இரண்டு வருடம் சிவப்புப் பென்சிலுக்கு வேலை இருக்கவில்லை. ஜூனில் முட்டையிட வரும் ஆமைகளுக்கு லொரைனின் விளக்குகள் மிகவும் சௌகரியமாக இருந்தன. சாலையில்தான் கொஞ்சம் தொல்லை. எரிவாயு லாரி எதிரே வந்து, ஐடெல்லா அரை மைல் பின்னோக்கி ஓட்டி, நாரிஸ் இரண்டு முறை தாமதமாகப் போனார். இந்த நிலையில் எல்வுட் கவர்னர் தேர்தலுக்கு நின்றார். முதல் வேலையாக டீல் நெக்குக்கு வந்தார், காரிலிருந்து இறங்கி, சாலையைப் பெருமையாகப் பார்த்து, "ஐடெல்லா, இன்னொரு வழியும்..." என்று ஆரம்பித்தார். அவள் ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன். தேர்தல் நேரம். ஸ்கேல் அளவுக்கு வந்து தொலைச்சா நான் எங்க போவேன்?"

"அப்ப எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"மாட்டேன் எல்வுட். உன்மேல எனக்கு ரொம்ப பிரியம். நீ நல்லாத் தோக்கணும்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். டீல் நெக்கின் பத்தொன்பது ஓட்டும் அவருக்கு எதிராக விழுந்தன. விஷயம் பரவி, கெட்டில் ஓடைக்காரர்களும், ரயில் கேட்டவர்களும் அவரைத் தோற்கடிக்கக் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். நாற்பதாயிரம் ஓட்டில் தோற்றார்; மாநிலத்தில் அப்படி ஒரு தோல்வியை யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை சதுக்கத்தில் அவர் வண்டி இருபது இடத்தில் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் ஜனங்கள் மாமிச ரொட்டியோடு காத்திருந்தார்கள், அவர் குனிந்து குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஐடெல்லாவின் முறை வந்தபோது அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை டீல் நெக் சாலையில் இரண்டாவது வழி இருந்தது. கெட்டில் ஓடையின் மேல் நாற்பதடிப் பாலம் நின்றது. பழைய எச்சரிக்கைப் பலகை அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. எல்வுட் இப்போதும் சனிக்கிழமை விருந்துகளுக்கு வருகிறார். எங்கள் கவுண்டியில் யார் ஜெயிப்பது என்பதைப் பற்றி இப்போது அவ்வளவாக யாரும் வாதாடுவதில்லை. யாரைத் தோற்கடிப்பது என்பதைத்தான் நாலு பேரைக் கேட்டு, நிதானமாக யோசித்துச் செய்கிறார்கள்.